அவளுடைய நலனை முன்னிட்டு

வசந்தி,

இதை உன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே செருகி அனுப்பிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ரவாங்கில் புது அறையில் நீ தனியாக உட்கார்ந்து படிக்கும்போது நான் இங்கே இருப்பேன், உன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. அந்த யோசனை எவ்வளவு சுலபமாக எனக்கு வந்தது என்று கவனித்தபோது என்மேலேயே வெறுப்பு வந்தது. ஆகவே நாளைக் காலை நீ பசியாறி முடித்ததும் உன் கையிலேயே கொடுக்கப் போகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். வாயால் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீ மேசையில் உட்கார்ந்து ரவாங் தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குச் சேர வேண்டிய விண்ணப்பப் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தாய். பேனாவில் துணியைச் சுற்றி, இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாக எழுதினாய். எழுதிய தேர்வுகளையெல்லாம் வரிசையாகக் கேட்கும் இடம் வந்தது. "ப்பா, அஞ்சாம் வகுப்புச் சோதனைன்னு ஒரு வரி இருக்கு" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீயே பதிலும் சொன்னாய். "எழுதலைன்னே போட்டுடுறேன். அப்ப எனக்கு அவ்வளவு அறிவு இல்லதானே." நேற்று மழை பெய்தது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். நான் "ம்" என்றேன். இத்தனை வருடமாக நான் செய்துவந்த அயோக்கியத்தனம் முழுவதும் அந்த ஒரு "ம்"மில் இருந்தது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

உனக்கு அறிவு இல்லை என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, வசந்தி. கவர்ன்மெண்ட் உன்னைத் தகுதி இல்லாதவள் என்று தள்ளவும் இல்லை. அந்தச் சோதனையிலிருந்து உன்னை விலக்கியது ஒரு கடிதம். அதை எழுதியவன் நான்.

அப்போது நான் நம் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலாளர். இரண்டாவது பதவிக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் எனக்கு அதுதான் பெரிதாக இருந்தது. லயத்து வீடுகளுக்கு நடுவே நடந்து போனால் "செயலாளரே" என்று கூப்பிடுவார்கள். கூட்டக் குறிப்புகளை எழுதும்போது அகராதியில் வார்த்தை தேடுவேன். எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்று பெரிய வாத்தியார் நாலு பேர் முன்னால் சொன்னால் அன்று முழுக்கச் சாப்பாடே வேண்டியதில்லை. நம் பள்ளியின் தலைமையாசிரியரை அப்போது எல்லாரும் அப்படித்தான் அழைப்போம். சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்புச் சோதனையில் ஒருவர்கூடத் தோற்காத பள்ளிக்கு ஒரு கேடயம் கொடுத்துவந்தார்கள். அந்த வருடம் அது நமக்கே என்று அவர் முடிவு செய்திருந்தார். வகுப்பில் பதினாலு பிள்ளைகள். அவருடைய கணக்கில் பதிமூன்று பேர் தேறுவார்கள். பதினாலாவது நீ.

உன்னைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலுக்குப் பிறகு உனக்குக் கை நடுங்கும், நாக்கு மெதுவாகப் புரளும். மற்றபடி உன்னைப்போல் கெட்டிக்காரியை நான் ஆபீசிலும் பார்த்ததில்லை. சாயங்காலம் நான் செய்தித்தாளை விரித்துச் சத்தமாகப் படிக்கும்போது நீ மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு தலைகீழாகவே படிப்பாய். நான் விட்டுவிட்ட வரியைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பாய். ஒன்பது வயதிலேயே, சோதனைக்கு இரண்டு வருடம் முன்பே, இப்படிப் படித்தாய். இது எனக்குத் தெரியும். தெரிந்த பிறகும் செய்தேன்.

ஒருநாள் பெரிய வாத்தியார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விடைத்தாளின் மாதிரி ஒன்றைக் காட்டினார். சின்னச் சின்னப் பெட்டிகள், பென்சிலால் கறுப்பாக்க வேண்டும். "நீங்களே பாருங்க கிராணி, பெட்டி எள்ளு அளவுதான் இருக்கு. பாப்பா கறுப்பாக்குனா பக்கத்துப் பெட்டியும் சேர்ந்து போகும். மிஷினுக்கு இரக்கம் இருக்குமா?" என்றார். பொதுச் சோதனை எழுதித் தோற்று அவமானப்படுவதைவிட, அவரே தனியாக உனக்கு ஏற்ற மாதிரி ஒரு சோதனை வைத்து, தனியாகச் சான்றிதழும் கொடுத்துவிடுவாராம். அதற்குப் பெற்றோரே கேட்டுக்கொண்டதாக ஒரு கடிதம் வேண்டுமாம். கேடயத்தைப் பற்றி அவர் கடைசியில்தான் சொன்னார், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்கோ முதலிலிருந்தே அந்தக் கேடயம்தான் கண்ணுக்குள் நின்றது.

வேறு வழி இல்லாமல் இல்லை. உன் வகுப்பில் தற்காலிக ஆசிரியையாக இருந்த மேரி டீச்சர் அதைச் சொன்னார். நீ விடையை விரலால் காட்டினால் போதும், ஓர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைக் கறுப்பாக்கலாம். நேரமும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். கோலசிலாங்கூர் கல்வி ஆபீசுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டால் ஆயிற்று என்றார். ஆபீஸ் சம்மதித்திருக்குமோ, மறுத்திருக்குமோ, எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவில்லை. "அதுக்கெல்லாம் நேரம் இல்லலா" என்று பெரிய வாத்தியார் கையை ஆட்டினார். நானும் தலையை ஆட்டினேன். சோதனைக்கு அப்போது முழுசாக மூன்று மாதம் இருந்தது.

கடிதத்தை நான் மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மனசு உறுத்தி அல்ல. நடை சரியாக வரவில்லை என்று. கடைசியில் வந்தது இதுதான்: "எங்கள் மகள் உடற்குறை காரணமாகப் பொதுச் சோதனையின் சுமையைத் தாங்க இயலாதவளாக இருப்பதால், அவளுடைய நலனை முன்னிட்டு, அவளுக்குத் தனி மதிப்பீடு செய்ய அன்புடன் வேண்டுகிறோம்." "அவளுடைய நலனை முன்னிட்டு" என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதை நானே ஒருமுறை வாய்விட்டுப் படித்து மகிழ்ந்தேன். சீ. மகளைக் கழித்துக்கட்டும் காகிதத்தில் சொல்நயம் பார்த்தவன் உன் அப்பன்.

உன் அம்மாவும் அதில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, பெருவிரல் ரேகைதான். மை டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அவளக் கேட்டீங்களா?" என்றாள். சின்னப் பிள்ளையிடம் என்ன கேட்பது என்றேன். "எழுதப்போறவ அவதானே" என்றாள். நான் நலன், சுமை, அவமானம் என்று பெரிய பெரிய வார்த்தைகளாகப் பேசினேன். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "அவளக் கேக்காத காயிதத்துல நான் விரல் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு விவரம் பத்தாது என்று நினைத்துக்கொண்டேன். ஒரே கையெழுத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன், பெரிய வாத்தியார் அதுவே போதும் என்றார்.

சோதனை நாள் உனக்கு நினைவிருக்கும். ஆனால் நீ நினைவு வைத்திருப்பது உண்மை அல்ல. மற்றப் பதிமூன்று பேரும் வகுப்பறையில் எழுதிக்கொண்டிருந்தார்கள். உன்னைச் சிற்றுண்டிக் கொட்டகையில் உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஒரு மாங்காய்ப் படத்துக்கு வண்ணம் தீட்ட வேண்டும். பசுவையும் கன்றையும் கோடு போட்டு இணைக்க வேண்டும். கீழே உன் பெயரை எழுத வேண்டும். தலைகீழாகச் செய்தித்தாள் படிக்கும் பிள்ளைக்கு அவர்கள் வைத்த தனி மதிப்பீடு அது. நான் அதே கொட்டகையில்தான் சங்கத்து ஆட்களோடு பிள்ளைகளுக்கு மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். பத்து நிமிஷத்தில் தாளை முடித்துவிட்டு என்னிடம் வந்தாய். "ப்பா, எனக்கு எப்பப்பா சோதனை?" என்றாய். "முடிஞ்சிருச்சும்மா. நல்லா செஞ்சிட்ட" என்று சொல்லி உனக்கு ஒரு கோப்பை மைலோ கொடுத்தேன். நீ என்னை நம்பிக் குடித்தாய். சட்டையெல்லாம் சிந்தியது. துடைத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மேரி டீச்சர் சாயங்காலம் நம் வீட்டுக்கு வந்தார். மிஞ்சிப்போன கணிதக் கேள்வித்தாள் ஒன்றை உனக்குக் கொடுத்து, விடைகளை நீ விரலால் காட்டக் காட்ட அவர் கறுப்பாக்கியிருந்தார். பயிற்சி என்று உன்னிடம் சொல்லியிருந்தார். நாற்பது கேள்விகளில் முப்பத்தாறு சரி. தாளை என் முன்னால் விரித்து வைத்தார். நான் கேட்ட முதல் கேள்வி, "இது வேற யாருக்காச்சும் தெரியுமா டீச்சர்?" அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஏதோ அழுகிய பண்டத்தைத் தொட்டுவிட்டவர்போல எழுந்து போய்விட்டார். அந்த வருடக் கடைசியில் வேறு பள்ளிக்கும் போய்விட்டார். நான் அந்தத் தாளை மடித்துச் சங்கத்துக் கோப்பின் அடியில் வைத்தேன்.

பரிசளிப்பு விழாவில் கேடயத்தை வாங்கியது நான்தான். பள்ளியின் சார்பில் செயலாளர் மேடைக்கு வருக என்று கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். உனக்கு ஆறுதல் பரிசாக ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்து நீ அந்தப் பெட்டியின் மூடியைத் திறக்கப் படாத பாடு பட்டாய். மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே கேடயத்தைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு நின்றேன். அந்தப் படம் இன்னும் பள்ளி ஆபீசில் தொங்குகிறது. அதில் என் பல்லெல்லாம் தெரிகிறது.

தனி மதிப்பீட்டின் பலன் அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்பும் முடிந்து பத்தாங் பெர்ஜுந்தாய் இடைநிலைப்பள்ளியில் சேர்க்கப் போனபோது முடிவுச் சீட்டு கேட்டார்கள். நான் பெரிய வாத்தியாரின் சான்றிதழை நீட்டினேன். அதோடு என் கடிதத்தின் நகலும் இணைக்கப்பட்டிருந்தது. அங்கிருந்த தமிழ்க் கிராணி படித்துவிட்டு, இந்தப் பிள்ளை சுமை தாங்காது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, இங்கே எப்படிச் சேர்ப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. என் தமிழை என் முகத்திலேயே எறிந்தார்கள். நீ இரண்டு வருடம் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில், பால்மரம் வெட்டப் போனவர்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் ஆட்டினாய். உன்னோடு படித்தவர்கள் சீருடையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் நடப்பாய். நான் பெரிய வாத்தியாரைத் திட்டினேன், கவர்ன்மெண்டைத் திட்டினேன். கவர்ன்மெண்ட் விடவில்லை என்று உன்னிடம் முதலில் சொன்னதும் நான்தான். நீ அதை அப்படியே பிடித்துக்கொண்டாய்.

உன்னைப் பள்ளியில் சேர்த்தது உன் அம்மா. வேலைக்கு மூன்று நாள் மட்டம் போட்டு, உன்னையும் கூட்டிக்கொண்டு கோலசிலாங்கூர் ஆபீஸ் வராந்தாவில் காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் ஒரு மலாய்க்கார அதிகாரி உள்ளே கூப்பிட்டாராம். உன்னைச் சோதிக்க மலாய்ச் செய்தித்தாளை உன் பக்கமாகத் திருப்பப் போனாராம். அவர் திருப்புவதற்குள் நீ தலைகீழாகவே படிக்க ஆரம்பித்துவிட்டாய். அவர் சிரித்துக்கொண்டே கடிதம் எழுதிக் கொடுத்தார். மெதுவாகப் படித்தாய், ஆனால் அவசரப்படாமல் கேட்டார். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. படித்தவன் நான் செய்ய வேண்டியதை ரேகை வைப்பவள் செய்தாள். நான் அன்று ஆபீசில் கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

இத்தோடு முடிந்திருந்தால் உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிறுத்தியிருப்பேன். போன வாரம் லோரியில் செம்பனைப் பழம் ஏற்றும் முனியாண்டி என்னிடம் ஒரு காகிதம் கொண்டுவந்தான். அவன் மகள் தேவியை உனக்குத் தெரியும். சோடாப்புட்டிக் கண்ணாடி போட்டுக்கொண்டு புத்தகத்தை மூக்கோடு ஒட்டிப் படிக்குமே, அந்தப் பிள்ளைதான். இப்போது ஆறாம் வகுப்பில் நடக்கும் புதுச் சோதனைக்கு அவளைச் சேர்க்க வேண்டாம் என்று பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். பெரிய வாத்தியார் மாறிவிட்டார், ஆசை மாறவில்லை. பெயரை மட்டும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டு இந்த வெள்ளிக்கிழமைக்குள் தர வேண்டுமாம். காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஸ்டென்சிலில் அச்சடித்திருந்தார்கள். "எங்கள் மகன் / மகள்", பக்கத்தில் புள்ளிக்கோடு. அதற்குக் கீழே "உடற்குறை காரணமாகப் பொதுச் சோதனையின் சுமையைத் தாங்க இயலாதவராக இருப்பதால், அவருடைய நலனை முன்னிட்டு". என் வாக்கியம், வசந்தி. அவளை அவராக்கியதைத் தவிர ஒரு எழுத்து மாறவில்லை. எத்தனை வருடமாக, எத்தனை பிள்ளைகளுக்கு இதை நீட்டினார்கள் என்று பள்ளிக்கே போய்க் கேட்டேன். ஆபீஸ் அலமாரியில் அதே காகிதம் ஒரு கட்டு இருந்ததை நானே பார்த்தேன்.

வேறு சோதனை வைப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. நம் லயத்துக் கடைசி வீட்டுப் பாலனுக்குப் பதினைந்து வயதாகியும் எழுத்து ஏறவில்லை. ஆனால் கடையில் சாமான் பார்த்து வாங்கி வருவான், எந்த மாடு யாருடையது என்று சொல்வான். அவனுக்கு எள்ளுப் பெட்டிகளைக் கொடுத்துக் கறுப்பாக்கச் சொல்வதும் கொடுமைதான். அவனுக்கு என்ன தெரியும் என்று தேடிப் பார்க்கும் சோதனை ஒன்றை யாராவது வைத்தால் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். உனக்கு வைத்த மாங்காய் எதையும் தேடவில்லை. உன்னை அந்த வகுப்பறைக்கு வெளியே வைத்திருக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது, அவ்வளவே. நாளைக்கு ரவாங்கிலும் யாராவது உன்னிடம் வந்து, உனக்கு இது கஷ்டம், உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், சுலபமான வேலையாகப் பார் என்பார்கள். சுலபம் உனக்கா, அவர்களுக்கா என்று முகத்துக்கு நேரே கேள். உனக்குத்தான் என்றால், வேண்டுமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

முனியாண்டியிடம் கையெழுத்துப் போடாதே என்றேன். பெரிய எழுத்தில் கேள்வித்தாள் கேட்டும், கூடுதல் நேரம் கேட்டும் புதிதாக ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "ஒங்க பொண்ணுக்கே நீங்க இதத்தானே எழுதிக் குடுத்தீங்க. எம் பொண்ணுக்கு மட்டும் ஏன் வேணாங்குறீங்க?" என்றான். நான் அவளுக்குத் துரோகம் செய்தேன் என்று சொல்ல அப்போதும் வாய் வரவில்லை. இருக்கிறவர்களிலேயே படித்தவர் செய்தது சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நம்புகிறான். என் பெயர்தான் இன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் குறுக்கே நிற்கிறது.

சங்கத்திலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் தேவிக்கு ஒரு பயனும் இல்லை. உண்மையை ஊர் அறியச் சொன்னால்தான் முனியாண்டி நம்புவான். ஆகவே இந்தக் கடிதத்தை இரண்டு பிரதியாக எழுதியிருக்கிறேன். ஒன்று உனக்கு. அதோடு மேரி டீச்சர் திருத்திய உன் கேள்வித்தாளையும் வைத்திருக்கிறேன், அது உன்னுடையது. மற்றொன்றை வெள்ளிக்கிழமைக்குள், சம்பள நாளன்று எல்லாரும் வந்து நிற்கும் தோட்டத்து ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் ஒட்ட நினைக்கிறேன். ஒட்டினால் என் மானம் போகும். போகட்டும், அது அழுகி ரொம்ப நாளாகிறது. ஆனால் உன் கை, உன் நாக்கு, உன் மாங்காய், கொட்டகையில் நீ தொட்டில் ஆட்டிய இரண்டு வருடம், எல்லாம் ஊர்வாயில் விழும். நீ புது இடத்துக்குப் புறப்படும் வாரத்தில் அது நடக்கும்.

அந்தப் பிரதி என் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போது நீ கடைசி வரிக்கு வந்துவிட்டாய், நான் உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். அன்றைக்கு உன் அம்மா கேட்கச் சொன்னதை ஒன்பது வருடம் தாமதமாகக் கேட்கிறேன். உன்னைப் பற்றி நான் எழுதியது இது. ஒட்டட்டுமா, வேண்டாமா?